ஐந்து கிணறுகளை எங்கே வைப்பது

முப்பத்தொரு பக்கங்களையும் அவர் இரண்டு தடவை புரட்டினார். முதல் தடவை முன்னாலிருந்து பின்னால், அடுத்த தடவை பின்னாலிருந்து முன்னால். நான் எதிரே உட்கார்ந்து அவருடைய மேசையில் கிடந்த பேனாக்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்பது. அதில் மூடி இல்லாதவை நான்கு. மூடியில்லாமல் போட்டால் மை உலர்ந்துபோகுமே என்று நான் சங்கடப்பட்டுக்கொண்டிருக்கும்போது அவர் கேட்டார்.

"சார், இதுல பேப்பர் எங்க இருக்கு?"

அவர் என் கைடு. நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் புவியியல் பேராசிரியை. மணவாளக்குறிச்சிப் பக்கம் கடற்கரை ஊரில் பிறந்தவர். என்னைவிட ஏழு வயது இளையவர் என்பதால் என்னைச் சார் என்பார். நான் அவரை டீச்சர் என்பேன். மாணவன் என்ற முறையில் நான் எழுந்து நின்றால் அவருக்குக் கூச்சம், உட்கார்ந்திருந்தால் எனக்குக் கூச்சம். அந்த அறையில் நான் பாதி எழுந்த நிலையில் கழித்த நேரம்தான் அதிகம்.

நான் பொதுப்பணித் துறையின் நீர்ப்பாசனப் பிரிவில் ஓவர்சியராகச் சேர்ந்து, கடைசி வரை டிப்ளமாக்காரன் என்றே அழைக்கப்பட்டு ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு தபால் வழியில் முதுகலை முடித்து, பகுதிநேர ஆராய்ச்சிக்குப் பதிவு செய்தேன். எடுத்துக்கொண்ட விஷயம், எங்கள் பகுதியில் குளங்களைத் தூர்த்து மனை போட்ட பிறகு பக்கத்துக் கிணறுகளின் நீர்மட்டம் என்ன ஆயிற்று என்பது. நாற்பத்தொரு கிணறுகள். மாதம் ஒரு தடவை அளவு நாடாவின் நுனியில் ஈயக்குண்டைக் கட்டி ஒவ்வொரு கிணற்றிலும் இறக்கினேன். ஒரு மாதம்கூட விட்டதில்லை. மூட்டு வீங்கியிருந்த மாதமும் போனேன்.

அளப்பதில் எனக்குத் தடுமாற்றம் இல்லை, எழுதுவதில்தான் எல்லாம். பல்கலைக்கழக விதிப்படி, தீசிஸ் கொடுக்கும் முன் ஒரு கட்டுரையாவது ஆய்விதழ் ஒன்றில் ஏற்கப்பட்டிருக்க வேண்டும். என் கட்டுரையை ஏற்கெனவே இரண்டு இதழ்கள் திருப்பியிருந்தன. டீச்சர் அடுத்த மே மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அவர் போய்விட்டால் அறுபத்து நான்கு வயதுக்காரனை வேறு யாரும் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. முன்னெச்சரிக்கையாக இரண்டு பேரிடம் கேட்டும் பார்த்தேன். ஒருவர் சிரித்தார். மற்றவர் எனக்குச் சர்க்கரை எவ்வளவு என்று விசாரித்தார். ஆக, மே மாதத்துக்குள் கட்டுரை, இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை. இரண்டாயிரத்துப் பத்தை ஒட்டிய அந்த ஆடி மாதத்தில் என் நெஞ்சில் வேறு எந்த நினைப்பும் இல்லை.

"பேப்பர் உங்க கையிலதான இருக்கு டீச்சர்" என்றேன்.

அவர் பக்கங்களைத் தட்டி அடுக்கினார். "சார் கோவிச்சுக்கப்பிடாது. இது பேப்பர் இல்ல. நீங்க கொடைக்கு வில்லு கட்டிருக்கீங்க."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஊர்க் கோவில் கொடைத் திருவிழாக் கமிட்டியில் நான் பல வருடம் இருந்தவன். வில்லுப்பாட்டுக்கு யாரைக் கூப்பிடுவது, எந்த மணிக்கு மேடையில் ஏற்றுவது, மதியப் பூசைக்குக் கதை எந்தக் கட்டத்தில் இருக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்து நடத்தியவன். அதை ஏதோ கட்டுப்பாடில்லாத வெட்டிப் பேச்சு போல இவர் சொல்லலாமா? வில்லுக்கு உள்ள வரிசை வேறெதற்கும் கிடையாது என்றேன். இடது கையை நீட்டி விரலை மடக்கவும் ஆரம்பித்தேன்.

"முதல்ல காப்பு. தெய்வத்தைக் கும்பிடணும். ரெண்டாவது வருபொருள் உரைத்தல். மூணாவது குருவடி..."

விரல் நின்றுவிட்டது.

வருபொருள் உரைத்தல் என்றால், கதை தொடங்கும் முன்னாலேயே பாட்டுக்காரர் எந்தச் சாமியின் கதை, என்ன நடந்தது, எப்படி முடிந்தது என்று சில வரிகளில் சொல்லிவிடுவது. முடிவு தெரிந்த பிறகும் பந்தலில் இருப்பவர்கள் யாரும் எழுந்து போவதில்லை. என் முப்பத்தொரு பக்கத்தில் காப்பு இருந்தது. பிள்ளையார் சுழி போட்டிருந்தேன். குருவை வணங்கும் குருவடி இருந்தது, டீச்சருக்கு நன்றியென்று முதல் பக்கம் முழுக்க எழுதியிருந்தேன். 'எளியவனின் சிறு முயற்சி' என்று அவையடக்கமும் இருந்தது. நாட்டு வளம் பதினொரு பக்கம்: பழையாறு, இரண்டு போகம், இரண்டு மழை, தென்னை, வாழை, குலசேகரம் பக்கத்து ரப்பர். கதை அதற்கப்புறம்தான் தொடங்கியது. வருபொருளை மட்டும் காணோம்.

"ரெண்டாவது என்ன சொன்னீங்க?" என்று டீச்சர் மெதுவாகக் கேட்டார். முகத்தில் சிரிப்பைக் காட்டவில்லை, அந்த மரியாதை அவரிடம் உண்டு.

அடுத்த வாரம் கொண்டு வருகிறேன் என்று சொல்லிக் காகிதங்களைப் பைக்குள் திணித்தேன்.

ஆய்விதழில் வருபொருள் என்பது கட்டுரையின் தலையில் வைக்கிற சுருக்கம், அது நூற்றைம்பது சொல்லுக்குள் இருக்க வேண்டும். எனக்கு அது நாற்பத்தொரு கிணற்றையும் ஒரு தம்ளரில் ஊற்றுவது மாதிரி இருந்தது. எழுதினால் இருநூற்றுப் பன்னிரண்டு வந்தது. வெட்டினால் நூற்றுத் தொண்ணூறு. அதற்குமேல் எதைத் தொட்டாலும் அது அவசியமாகப் பட்டது. இன்னொரு பயமும் இருந்தது, அதை டீச்சரிடம் சொல்லவில்லை. முடிவை முதலில் சொன்னால் மேலே படிக்க ஆள் இருக்குமா? முடிவைக் கடைசியில் வைத்தால் அதற்காகவாவது படிப்பார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை அவரே அந்தப் பேச்சை எடுத்தார். அவர் அப்பா கட்டுமரத்தில் போனவர். மரம் கரையேறும்போது கரையில் நிற்கிற பெண்கள் முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான் என்றார். பாடு உண்டா, அதாவது மீன் பட்டதா, என்ன மீன், எவ்வளவு. எந்தத் திசையில் போனீர்கள், என்ன வலை, காற்று எப்படி என்பதெல்லாம் அதற்குப் பிறகு. அப்பா சில நாள் காற்றிலிருந்து ஆரம்பிப்பாராம். காற்றிலிருந்து ஆரம்பித்தால் மீன் இல்லை என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடுமாம்.

"நீங்களும் காத்துல இருந்துதான் ஆரம்பிச்சிருக்கீங்க. வாசிக்கிறவன் என்ன நெனைப்பான்?"

அன்றைக்கு அவர் கட்டுரையை நான்காகப் பிரித்துக் கொடுத்தார். என்ன கேள்வி, ஏன் கேட்கிறோம் என்பது ஒன்று. எப்படி அளந்தோம் என்பது இரண்டு. அதைப் படித்து இன்னொருவன் அதே கிணற்றில் அதே மாதிரி அளக்க முடிய வேண்டும், அதற்கு மேல் ஒரு வரி வேண்டாம். என்ன கண்டோம் என்பது மூன்று. அதற்கு என்ன அர்த்தம் என்று நாம் நினைக்கிறோம் என்பது நான்கு. மூன்றும் நான்கும் ஒன்றையொன்று தொடக்கூடாது என்று அழுத்திச் சொன்னார்.

இரண்டாவது பகுதியில்தான் எனக்கு வலி அதிகம். நான் அளந்த கதையை அப்படியே எழுதியிருந்தேன். எந்த வீட்டில் நாய், எந்த வீட்டில் கிழவர் கிணற்றுக்குக் கண்ணுபட்டுவிடும் என்று நாடாவை இறக்க விடாமல் மூன்று மாதம் அலைக்கழித்தார், எந்த வீட்டுக்கார அம்மாள் என்னைக் கொசு மருந்து அடிக்க வந்தவன் என்று நினைத்து அடுக்களையையும் காட்டினார். ஒன்பது பக்கம். டீச்சர் கை வைத்த பிறகு அது பதினான்கு வரியாயிற்று. நாய் போய்விட்டது. கிழவர் 'உரிமையாளர் அனுமதி பெறப்பட்டது' என்ற மூன்று சொல்லுக்குள் போய்விட்டார்.

மூன்றையும் நான்கையும் பிரிக்கச் சிவப்பும் நீலமும் பென்சில் வாங்கினேன். கண்டதற்குச் சிவப்பு, நினைத்ததற்கு நீலம். வீட்டில் சாப்பாட்டு மேசையில் பரப்பிவைத்து அடிக்கோடு போட்டேன். முழுச் சிவப்பாக ஒரு பத்தியும் அமையவில்லை. 'குளம் தூர்க்கப்பட்டதால் நீர்மட்டம் தாழ்ந்தது' என்று ஒரு வரி. தாழ்ந்தது என்பதை நான் நாடாவில் கண்டேன். தூர்த்ததுதான் காரணம் என்பதை எங்கே கண்டேன்? அப்படி அறுபத்தேழு வரிகள் பாதி சிவப்பும் பாதி நீலமுமாக நின்றன. காரணம் சொல்கிற இடங்களில் எல்லாம் 'கூடும்', 'இருக்கலாம்' என்று போடச் சொன்னார் டீச்சர். முப்பத்தைந்து வருடம் மதகு திறந்து மூடியவன் நான். தண்ணீர் பள்ளத்துக்குப் போகக்கூடும் என்று எழுதச் சொன்ன மாதிரி இருந்தது எனக்கு.

என் மனைவி பாத்திரம் வைக்க இடமில்லாமல் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். "சவத்துக்குப் பொறந்த பேப்பரு. கல்யாணத்துக்குப் பத்திரிகை எழுதினப்பக்கூட இந்தப் பாடு படல்ல நீங்க" என்பாள். ஆனால் தட்டைக் காகிதத்தின்மேல் ஒருநாளும் வைத்ததில்லை.

ஐப்பசி மழை தொடங்கியபோது கட்டுரை பத்தொன்பது பக்கத்துக்கு வந்திருந்தது. டீச்சர் கடைசிப் பக்கத்தின் அடியில் விரலை வைத்தார்.

"இது என்ன?"

நான்கு வரி. ஐந்து கிணறுகளில் மட்டும் நீர்மட்டம் தாழவில்லை, வருடத்துக்கு வருடம் உயர்ந்திருக்கிறது. அவை நல்ல ஊற்றுள்ள கிணறுகள் என்பதால் விதிவிலக்காகக் கொள்ளலாம். முப்பத்தொரு பக்கமாக இருந்தபோது அது இருபத்தொன்பதாம் பக்கத்தில் இருந்தது. எவ்வளவு வெட்டினாலும் அதைக் கடைசிக்கே தள்ளித் தள்ளிக் கொண்டுவந்திருந்தேன்.

"நல்ல ஊத்துன்னு யாரு சொன்னா?"

"ஊர்ல சொல்லுவாங்க டீச்சர்."

"ஊர்லன்னா யாரு?"

அந்த ஐந்தில் ஒன்று எங்கள் வீட்டுக் கிணறு. சொன்னவள் என் மனைவி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்கு அந்தக் கிணறு ஒரு பெருமை. எங்கள் பக்கம் தண்ணீர் என்றால் வெள்ளம், உள்ளே வளையம் வளையமாக அடுக்கியிருக்கும் சிமென்ட் உறைகளை எண்ணித்தான் அவள் அதன் அளவைச் சொல்வாள். "நம்ம கிணத்துல வெள்ளம் வத்தினதுண்டா? இந்த வருசம் பாத்தியளா, ரெண்டு உறை கூடக் கெடக்கு" என்பாள். அதைத்தான் நான் ஆராய்ச்சி மொழியில் எழுதியிருந்தேன்.

அவர் நாட்காட்டியைப் பார்த்தார். நேரம் இல்லை, இரண்டு வழிதான் உண்டு என்றார். ஐந்தையும் எடுத்துவிடலாம். முப்பத்தாறு கிணறு, முப்பத்தாறும் தாழ்ந்தது, சுத்தமாக நிற்கும், இதழ்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் ஏன் எடுத்தோம் என்று இரண்டாம் பகுதியில் எழுத வேண்டும். அல்லது முன்னால் கொண்டுவர வேண்டும்.

"முன்னாலன்னா எங்க?"

"சுருக்கத்துல. முதல் வரியில."

"முதல் வரியில போட்டா என் பேப்பரை நானே அடிச்ச மாதிரி ஆயிருமே டீச்சர். குளத்தத் தூர்த்தா கிணறு தாழும்னு சொல்ல வந்துட்டு, அஞ்சு கிணறு ஏறிச்சுன்னா ஆரம்பிப்பாங்க?"

"அப்ப எடுத்திருங்க. எடுக்கதுக்குக் காரணம் சொல்லுங்க. வாலுல கெட்டி வைக்கதுக்கு மட்டும் நான் கையெழுத்துப் போடமாட்டேன் சார்."

என்ன காரணம் எழுதுவது? வீட்டுக்காரிக்குப் பெருமை என்று எழுத முடியுமா? நாற்பத்தொன்று என்ற எண்ணும் என்னை விடவில்லை. நாற்பத்தொன்றை அளந்துவிட்டு முப்பத்தாறு என்று எழுதினால் அந்த ஐந்து கிணற்றின் வாயிலும் நான் குனிந்து நின்றது எங்கே போகும்?

முடிவெடுக்காமலே, அவர் சொன்ன இன்னொரு சின்னத் திருத்தத்தை முதலில் செய்தேன். என் அட்டவணையில் கிணறுகள் நான் அளக்கப் போன வரிசையில் இருந்தன. முதலில் என் வீடு, அது ஒன்று. அப்புறம் சைக்கிள் போகிற வழி. வாசிக்கிறவனுக்கு உங்கள் சைக்கிள் எதற்கு, அதிகம் தாழ்ந்ததிலிருந்து அதிகம் ஏறியது வரை அடுக்குங்கள் என்று சொல்லியிருந்தார். டிடிபி கடையில் உட்கார்ந்து அடுக்கினேன். கடைக்காரர், "சாரே, ஒண்ணாம் நம்பர் கடைசிக்குப் போச்சே, செரிதானா?" என்று கேட்டார்.

சரிதான். ஒன்றாம் எண் நாற்பத்தொன்றாவது வரிக்குப் போய்விட்டது. அதற்கு மேலே ஏறின மற்ற நான்கும் வரிசையாக நின்றன. இத்தனை வருடமாக அவை என் தாளில் ஒன்று, ஒன்பது, இருபத்திரண்டு, முப்பத்துமூன்று, முப்பத்தெட்டு என்று சிதறிக் கிடந்தன. போகும்போது சிலது, மதியச் சாப்பாட்டுக்கு வரும்போது ஒன்று, திரும்பும்போது சிலது. இப்போது சேர்ந்து நின்ற பிறகுதான் பார்த்தேன். ஐந்தும் எங்கள் தெரு. ஐந்தும் தெருவின் மேற்குப் பக்கம், பழைய குளம் இருந்த மேட்டுக்கு நேர் கீழே. அந்தக் குளத்தைத் தூர்த்த மனையில்தான் வளைகுடாப் பணத்தில் புது வீடுகள் நெருக்கி நெருக்கி எழுந்திருந்தன. வீட்டுக்கு ஒரு செப்டிக் டேங்க். அவர்கள் குளிப்பதும் கழிப்பதும் வெளியூரிலிருந்து குழாயில் வருகிற தண்ணீர்.

கடைக்காரர் பிரிண்ட் எடுக்கவா என்று கேட்டார். கடைசி ஐந்து வரியைத் திரையில் இன்னொரு தடவை எண்ணிவிட்டு, எடுங்கள் என்றேன்.

அன்று மத்தியானம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் வழக்கம்போலச் செம்பில் கிணற்று வெள்ளம் வைத்தாள். நாங்கள் அதைக் காய்ச்சிக் குடிக்கிறவர்கள் அல்ல. அந்த வெள்ளத்துக்கு அது அவமானம் என்பது அவள் கட்சி. நான் செம்பைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இனிமேல் கொதிக்கவைத்துக் கொடு என்றேன்.

"என்னத்துக்கு?"

"மழைக்காலம்லா."

"போன மழைக்காலத்துல வெள்ளம் வேற வெள்ளமா?"

நினைத்தது நீலம், கண்டது சிவப்பு. என் கையில் இருந்தது நீலம் மட்டும்தான். நீலத்தை வைத்துக்கொண்டு முப்பத்தேழு வருடப் பெருமையில் எப்படிக் கை வைப்பது? கொதிக்க வைத்தாள், ஆனால் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிட்டது.

அந்த வாரமே திருநெல்வேலிக்குப் போய்ப் பல்கலைக்கழகத்தில் காலநீட்டிப்புக் கேட்டேன். கைடு ஓய்வு பெற்றால் பதிவு தானாக விழும், வேறு கைடு ஒப்புதல் கடிதம் இருந்தால் வாருங்கள் என்றார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளை எண்ணினேன். காற்று இல்லாத மாதம். கண்ணுக்குத் தெரிந்த முப்பத்தெட்டில் சுற்றினவை ஆறு. அந்த ஆறையும் எடுத்துவிட்டால் காற்றே இல்லை என்று சுத்தமாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. வடசேரியில் இறங்கும்போது முடிவு செய்துவிட்டேன்.

சுருக்கத்தின் முதல் வரியை அன்றே எழுதினேன்: தூர்க்கப்பட்ட குளங்களுக்கு அருகிலுள்ள நாற்பத்தொரு கிணறுகளில் முப்பத்தாறில் நீர்மட்டம் தாழ்ந்தது, ஐந்தில் உயர்ந்தது. மொத்தச் சுருக்கமும் நூற்று நாற்பத்தாறு சொல்லில் முடிந்தது. நல்ல ஊற்று என்ற வரியை அடித்தேன். அதற்குப் பதிலாக நான்காம் பகுதியில், கழிவுநீர் நிலத்தடியில் சேர்வதால் உயர்ந்திருக்கக்கூடும் என்று எழுதினேன். டீச்சர் வாசித்துவிட்டு மேசையிலிருந்து மூடியுள்ள பேனாவாகத் தேடி எடுத்துக் கையெழுத்திட்டார். "இப்ப பேப்பர் இருக்கு சார். எடுப்பானான்னு எனக்குத் தெரியாது" என்றார்.

மார்கழி போயிற்று, தை போயிற்று. தபால்காரர் எங்கள் தெருவில் எத்தனை வீட்டில் நிற்கிறார் என்று எண்ணுவது எனக்கு வேலையாயிற்று. டீச்சரின் மேசையில் புத்தகங்கள் குறையத் தொடங்கின, அவர் அட்டைப்பெட்டியில் கட்டி வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். போகும்போதெல்லாம் பெட்டிகளை எண்ணுவேன்.

மாசியில் பதில் வந்தது. மதிப்பீட்டாளர்கள் இரண்டு பேர். ஒருவர் ஏற்கலாம் என்றிருந்தார். மற்றவர், கட்டுரையில் புதியதென்று சொல்ல இருப்பதே அந்த ஐந்து கிணறுகள்தான், அதை நான்காம் பகுதியில் ஒரு ஊகமாக விட்டுவிட முடியாது, அந்தத் தண்ணீரைப் பரிசோதித்து முடிவை மூன்றாம் பகுதியில் வைத்தால் ஏற்கலாம், இல்லையென்றால் இல்லை என்று எழுதியிருந்தார்.

ஆக மற்ற நாலு வீட்டிலும் போய்த் தண்ணீர் கேட்க வேண்டும். நாடா இறக்க விட்டவர்கள் குப்பியைக் கண்டதும் முகம் மாறினார்கள். "எங்க கிணத்துக்கு என்னத்துக்கு வேய் டெஸ்டு? அதுக்கென்ன நோக்காடா?" என்று ஒருவர் கேட்டார். அவர் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். எங்கள் கிணற்றிலும் எடுக்கிறேன் என்று சொன்ன பிறகுதான் வாளியைத் தந்தார்.

எங்கள் கிணற்றில் எடுக்கும்போது மனைவி பின்வாசலில் நின்றாள். பரிசோதனைக் கூடத்தில் கொடுத்த கொதிநீரில் சுத்தம் செய்த குப்பி அது, கை படக்கூடாது. குப்பியில் கை படாமல் இறக்கப் பார்த்ததில் கயிறு விளிம்பில் உரசியது. அவளே வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

ஐந்து தாள் வந்தது. ஐந்திலும் கடைசி வரி ஒன்றுதான்: குடிப்பதற்கு ஏற்றதல்ல.

வீட்டுக்கு வந்து அவளிடம் சொல்ல ஆரம்பித்தேன். குளம் இருந்த காலம், அதன் பரப்பு, மனை போட்ட விதம், மண்ணின் தன்மை என்று போய்க்கொண்டிருந்தேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை எடுத்தாள்.

"குடிக்கலாமா, குடிக்கப்பிடாதா? அதச் சொல்லுங்க."

"குடிக்கப்பிடாது."

அவள் களைந்த வெள்ளத்தைக் கொட்டவில்லை. பாத்திரத்தைத் தள்ளி வைத்தாள். பிறகு கேட்டாள். "அஞ்சு கிணறு மட்டும் ஏறுதுன்னு ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

ஏறுவது முதல் வருடத்திலேயே தெரியும், ஏன் என்பது இப்போதுதான் தெரியும், இரண்டும் வேறு வேறு பகுதி என்று விளக்கினேன். அது உண்மைதான், இன்றும் அதைத்தான் சொல்வேன்.

"தெரிஞ்சதக் கொண்டு கடைசிப் பக்கத்துல வச்சிட்டு, எனக்கு வெள்ளத்த மட்டும் முதல்ல கோரி வைக்கச் சொன்னிய" என்றாள். அரிசியைப் பாத்திரத்தோடு எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். நான் மேசையில் உட்கார்ந்து மூன்றாம் பகுதியில் புது அட்டவணை ஒன்றைச் சேர்த்தேன். ஐந்து வரி, நான்கு நெடுவரிசை. எழுதும்போது பின்பக்கம் வாளி உருளும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

சித்திரையில் கட்டுரை ஏற்கப்பட்டது. தீசிஸை டீச்சர் ஓய்வு பெறும் வாரத்தில் கொடுத்தோம். அன்றைக்கு அவர் அறையில் பேனா ஒன்றுதான் இருந்தது. கையெழுத்துப் போட்டு, அதையும் என்னிடமே தந்துவிட்டார்.

அச்சில் ஒன்பது பக்கம். மனைவி அதில் எண்கள் உள்ள பக்கத்தை மட்டும் எடுத்து, நம்ம கிணறு எது என்று கேட்டாள். கடைசி வரியைக் காட்டினேன். விரல் வைத்துப் பார்த்துவிட்டுத் தாளை மூடிக் கொடுத்தாள். அப்போதே நாங்கள் தெருமுனைக் குழாயில் வெள்ளம் பிடிக்கத் தொடங்கியிருந்தோம். கிணற்று வெள்ளம் செடிக்கும் தரை கழுவவும். அவள் குடத்தை எடுப்பாள், நான் இரண்டு பிளாஸ்டிக் கன்னாசுகளை எடுப்பேன்.

ஒரு காலையில் திரும்பி வரும்போது எங்கள் வாசலருகே ஒரு கார் வேகம் குறைத்தது. மேட்டில் புது வீடு கட்டியிருப்பவர். குவைத்திலிருந்து லீவில் வந்திருந்தார். கண்ணாடியை இறக்கிச் சிரித்தார்.

"என்னக்கா, கைக்கெட்டுற தூரத்துல கிணத்துல வெள்ளம் கெடக்கு. பைப்புல போய் நிக்கிய?"

நான் கன்னாசைக் கீழே வைத்தேன். "அது வந்து தம்பி, இந்தக் குளம் இருந்த காலத்துல..."

"எங்க கிணத்துல ஒங்க வீட்டுக் கக்கூசு வெள்ளம் எறங்குது" என்றாள் என் மனைவி. "இந்த வரிசையில அஞ்சு கிணறு. டெஸ்ட் பண்ணிப் பாத்தாச்சு. குடிக்கப்பிடாதாம்."

"இறங்கக்கூடும்" என்றேன் நான்.

"கூடும் ஒங்க பேப்பர்ல கெடக்கட்டு."

அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். எஞ்சினை நிறுத்தினார். பிறகு இறங்கி, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, எங்கள் பின்பக்கம் நடந்தார். குடத்தை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு அவளும் பின்னால் போனாள்.

நான் போனபோது அவர் கிணற்று விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்திருந்தார். வெள்ளத்துக்கு மேலே மூன்று உறைதான் தெரிந்தது. போன மாதம் நான்கு தெரிந்தது, அதாவது இன்னும் ஒரு உறை ஏறியிருக்கிறது. அதை இப்போது சொல்வதா, அவர் நிமிர்ந்த பிறகு சொல்வதா என்று யோசித்தேன். பிறகு முதலிலேயே சொல்லிவிட்டேன்.